காலியா வந்த ட்ரெய்லர்

புது வண்டி டெலிவரி எடுத்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? உங்க வண்டியா இல்லாட்டியும் பரவாயில்லை, அப்பாவோடதோ அண்ணனோடதோ. சாவி கைக்கு வந்த அந்த நிமிஷம். சீட்டில் இன்னும் கிழிக்காத பிளாஸ்டிக் கவர். ஷோரூமிலிருந்து வீட்டுக்கு நேர் வழியில் பத்து நிமிஷம்தான் ஆகும். ஆனா நாம வேணும்னே ஊரைச் சுத்திப் போற வழியைத்தான் எடுப்போம். தெரிஞ்ச முகம் ஏதாவது ரோட்டில் தென்படாதான்னு கண்ணு வேற தேடும்.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு மனுஷனுக்கு அது ஒன்பதே நாள் கிடைச்சது.

1955 செப்டம்பர் 21, புதன்கிழமை. ஹாலிவுட்டில் வைன் தெருவில் இருந்த காம்பெடிஷன் மோட்டார்ஸ் என்ற ஷோரூமில் 24 வயசு நடிகர் ஒருவர் தன் பழைய காரைக் கொடுத்துவிட்டு, வெள்ளி நிறத்தில் ஒரு புத்தம்புது போர்ஷே 550 ஸ்பைடர் எடுத்தார். அடுத்த வாரம் 30-ம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதே காரில் இறந்து போனார். அவர்தான் ஜேம்ஸ் டீன்.

படம் பார்க்காதவங்களுக்கும் அந்த முகம் தெரிஞ்சிருக்கும். சிவப்பு ஜாக்கெட், கலைஞ்ச முடி, போஸ்டரிலும் டீ-ஷர்ட்டிலும் இன்னிக்கும் விக்குது. அவர் கதையைக் கேட்டா பலரும் ஒரே வரியில் முடிச்சிடுவாங்க: வேகப் பைத்தியம், போர்ஷேயில் அடிச்சு செத்தான். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். உட்கார்ந்து படிச்சப்போதான் தெரிஞ்சது, அந்த ஒரு வரியில் பாதிக்கு மேல விட்டுப் போயிருக்கு.

ரயிலில் திரும்பி வந்த பையன்

1931 பிப்ரவரி 8, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விண்டன், பல் மருத்துவத்துக்கான செயற்கைப் பல் செட் செய்கிற டெக்னீஷியன். அம்மா மில்ட்ரெட். ஒரே பிள்ளை. அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் கலிஃபோர்னியாவில் சாண்டா மோனிகாவுக்குக் குடிபெயர்ந்தது.

1940-ல் அம்மா கேன்சரில் இறந்து போனாங்க. ஜிம்மிக்கு வயசு 9. தனி ஆளாகப் பிள்ளையை வளர்க்க முடியாது என்று அப்பா நினைத்தார். அம்மாவின் உடலை இண்டியானாவுக்கு எடுத்துப் போன அதே ரயிலில், பாட்டியோடு பையனும் அனுப்பப்பட்டான். அப்பா கலிஃபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். இத்தனை மைல் தூரம், அம்மாவோட சவப்பெட்டி ஏத்தின ரயிலில், 9 வயசுப் பையன். அந்தப் பயணத்தை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

ஃபேர்மவுண்ட் என்ற சின்ன ஊரில் அத்தை ஆர்டென்ஸும் மாமா மார்கஸ் வின்ஸ்லோவும் அவனைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். விவசாயக் குடும்பம், நல்ல மனுஷங்க. பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிள் கடை இருந்தது. பையன் ஸ்கூல் விட்டதும் அங்கதான் போய் நிற்பான். பதின்ம வயசிலேயே கைக்கு ஒரு சின்ன சி.இசட். மோட்டார் சைக்கிள் வந்தது. அந்த ஊர் ரோட்டில் அவன் அதை எப்படி விரட்டியிருப்பான் என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஸ்கூலில் பேஸ்கட்பால், தடகளம், நாடகம் எல்லாத்திலும் இருந்தான். இத்தனைக்கும் கிட்டப்பார்வை அதிகம், கண்ணாடி இல்லாமல் தூரத்தில் எதுவும் சரியாகத் தெரியாது. 1949-ல் ஸ்கூல் முடிக்கும்போது மாநில அளவிலான நாடக வாசிப்புப் போட்டியில் முதலிடம்.

நம்ம வகை காலேஜ் கதை

அடுத்த பகுதி உங்களுக்கு ரொம்பப் பரிச்சயமா இருக்கும். ஸ்கூல் முடிச்சதும் அப்பாவிடம் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பினார். காலேஜில் சேர்ந்தது சட்டப் படிப்புக்கான பாடப்பிரிவில். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, மெயின் சப்ஜெக்டையும் நாடகத்துக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு குறைந்தது. அங்கேயும் படிப்பை முடிக்கவில்லை. 1951-ல் டிராப்-அவுட். அதுக்கு முன்னாடியே ஒரு பெப்சி விளம்பரத்தில் தலை காட்டியிருந்தார்.

அதே வருஷம் நியூயார்க். கையில் காசில்லாத நாட்கள். பீட் தி க்ளாக் என்ற டிவி போட்டி நிகழ்ச்சியில், போட்டியாளர்கள் செய்ய வேண்டிய வேடிக்கை டாஸ்க்குகளை முன்கூட்டியே செய்து பார்த்து நேரம் குறிக்கிற வேலை கிடைத்தது. எல்லா டாஸ்க்கையும் ரொம்ப வேகமா முடிச்சிடறார்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. வேகத்தால் அவர் இழந்த முதல் விஷயம் அந்த வேலை.

1952-ல் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் இடம் கிடைத்தது. நடிப்பை ஒரு பட்டறை மாதிரி வைத்துப் பழகுகிற இடம் அது. பிராட்வே மேடையில் இரண்டு நாடகங்கள். இரண்டாவது நாடக சமயத்தில், 1954-ல், டைரக்டர் எலியா கஸான் அவரைத் தேர்ந்தெடுத்தார். படம் ஈஸ்ட் ஆஃப் ஈடன். கதை நடக்கிற இடம் கலிஃபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கு. சலீனாஸ் என்ற பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வரும்.

முதல் அட்வான்ஸ்

ஃபைனல் இயரில் இருக்கிற நமக்கெல்லாம் மனசுக்குள் ஒரு லிஸ்ட் இருக்கும். ஆஃபர் லெட்டர் வந்து முதல் சம்பளம் விழுந்ததும் என்ன வாங்கலாம்னு. டீனுக்கும் அப்படி ஒரு லிஸ்ட் இருந்திருக்கணும். ஈஸ்ட் ஆஃப் ஈடன் பணம் கைக்கு வந்ததும் அவர் வாங்கியது ஒரு சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். செகண்ட் ஹேண்ட்தான்.

1955 மார்ச் தொடக்கத்தில் அதைக் கொடுத்துவிட்டு போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் எடுத்தார். அதே மாதம் 26-ம் தேதி பாம் ஸ்ப்ரிங்ஸில் நடந்த ரேஸில் கலந்துகொண்டார். புதுமுகங்களுக்கான ரேஸில் முதலிடம். மறுநாள் பெரிய ஆட்களோடு ஓடிய ரேஸில் இரண்டாமிடம். சினிமாக்காரன் பொழுதுபோக்குக்கு வந்திருக்கான்னு நினைச்சவங்க வாயை மூடிக்கிட்டிருப்பாங்க.

மே மாதம் பேக்கர்ஸ்ஃபீல்ட். தன் பிரிவில் முதலிடம். மே கடைசியில் சாண்டா பார்பரா. பின்வரிசையில் கிளம்பி ஒவ்வொருத்தரா தாண்டி நாலாவது இடம் வரைக்கும் வந்தார். அப்போ பிஸ்டன் போச்சு. ரேஸ் அவுட்.

இந்த மூணு ரேஸும் நடந்த இடைவெளியைக் கவனிங்க. நடுவில்தான் ரெபெல் வித்தவுட் எ காஸ் படத்தின் ஷூட்டிங்கை முடித்தார். மூணாவது ரேஸோடு தடையும் வந்தது. அடுத்த படம் ஜெயண்ட், மிகப் பெரிய பட்ஜெட். அந்த ஷூட்டிங் முடியும்வரை ரேஸ் பக்கமே போகக்கூடாது என்று வார்னர் பிரதர்ஸ் கட்டுப்பாடு போட்டது. டெக்சாஸ் வெயிலில் ஜூன், ஜூலை. பிறகு ஸ்டுடியோவில் ஆகஸ்ட், செப்டம்பர். சாண்டா பார்பராவில் பிஸ்டன் உடைஞ்ச நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாசம், ஒரு ரேஸ்கூட ஓட்டாமல் காத்திருந்தார். செமஸ்டர் எக்ஸாம் முடியறதுக்கு நாள் எண்ணுற மாதிரி எண்ணியிருப்பார்னு நினைக்கிறேன்.

அந்தக் கார்

இப்போ காருக்கு வருவோம். மெக்கானிக்கல்காரங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

போர்ஷே 550 ஸ்பைடர் ரேஸுக்காகவே செய்த கார். நம்பர் பிளேட் மாட்டி ரோட்டிலும் ஓட்டலாம், அவ்வளவுதான். மொத்தமே 90 கார் அளவில்தான் தயாரித்தார்கள். ட்யூப் ஃப்ரேம் மேல மெல்லிய அலுமினியம் பாடி, கூரை கிடையாது. மொத்த எடை சுமார் 550 கிலோ. இன்னிக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கே அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்.

எஞ்சின் 1,498 சி.சி., நாலு சிலிண்டர், இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்த மாதிரி அமைப்பு, ஏர் கூலிங். டிசைன் செய்தவர் எர்ன்ஸ்ட் ஃபுர்மான். அந்தச் சின்ன எஞ்சினுக்கு நாலு கேம்ஷாஃப்ட். அவற்றைச் சுழற்ற செயினோ பெல்ட்டோ இல்லை, ஷாஃப்ட்டும் பெவல் கியரும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இதில் வால்வ் டைமிங் செட் பண்ணுவது மெக்கானிக்குகளுக்கு மணிக்கணக்கில் இழுக்கிற வேலை. பலன், 110 குதிரைசக்தி. 550 கிலோ வண்டிக்கு 110 குதிரைசக்தி என்றால், பவர்-டு-வெயிட் ரேஷியோவை நீங்களே போட்டுப் பாருங்க. மணிக்கு 220 கிலோமீட்டர் வரை போகும்.

எஞ்சின் இருக்கிற இடமும் முக்கியம். டீன் முன்பு ஓட்டிய ஸ்பீட்ஸ்டரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். ஸ்பைடரில் அது டிரைவருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடை நடுவில் சேர்ந்துவிடும். வளைவில் திருப்பினால் வண்டி உடனே திரும்பும்.

உயரம்தான் இதில் ரொம்ப விசேஷம். ஒருத்தர் பக்கத்தில் நின்றால் வண்டி அவர் இடுப்பைத் தாண்டாது. எவ்வளவு தாழ்வு என்பதற்கு ஒரு கதை இருக்கு. 1954-ல் இத்தாலியில் மில்லே மிலியா ரேஸ். ஹன்ஸ் ஹெர்மன் என்ற ஜெர்மன் டிரைவர் 550 ஸ்பைடரில் முழு வேகத்தில் வருகிறார். எதிரே ரயில்வே கேட் மூடியிருக்கு, ரயில் வந்துகொண்டிருக்கு. பிரேக் அடிச்சு நிறுத்த தூரம் போதாது. பக்கத்தில் இருந்தவரின் தலையைத் தட்டிக் குனியச் சொல்லிவிட்டு, தானும் குனிந்து, மூடிய கேட்டுக்கு அடியிலேயே காரை விட்டுவிட்டார். கேட் தலைக்கு மேலே போனது. ரயிலுக்கு முன்னாடி தண்டவாளத்தைத் தாண்டி ரேஸைத் தொடர்ந்தார்.

அன்னிக்கு இரண்டு உயிரைக் காப்பாத்தினது அந்தக் காரின் உயரம்தான். இதையும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

ஒன்பது நாள்

ஸ்டுடியோ போட்ட தடை முடியப் போகிற நேரம். அக்டோபர் 1, 2 தேதிகளில் ரேஸ் அறிவிப்பு வந்திருந்தது. ஊர், சலீனாஸ். தன் முதல் படத்தின் கதை நடந்த அதே ஊர். டீன் ஸ்பீட்ஸ்டரைக் கொடுத்து ஸ்பைடரை எடுத்தார். ரேஸுக்குக் காரை இழுத்துப் போக ஒரு ஃபோர்டு ஸ்டேஷன் வேகனும் ட்ரெய்லரும் வாங்கினார். ரேஸ் நாட்களில் ஷோரூமின் ஜெர்மன் மெக்கானிக் ரோல்ஃப் வூதரிக் கூடவே இருப்பார் என்பதும் ஏற்பாடு. ரோல்ஃப் போர்ஷே ஃபேக்டரியிலேயே வேலை பார்த்தவர், ரேஸ் அனுபவம் உள்ளவர். பாருங்க, எல்லாம் ஒழுங்காகத் திட்டம் போட்டு நடந்திருக்கு. கண்மூடித்தனமா எதுவும் இல்லை.

கார் வந்ததும் அதில் 130 என்று ரேஸ் நம்பர் எழுத வைத்தார். பின்பக்கம் லிட்டில் பாஸ்டர்ட் என்று ஒரு பேர். நண்பர்கள் வட்டத்தில் அவரையே செல்லமாகத் திட்டிக் கூப்பிடுகிற பேர் அது. நம்ம பாஷையில் குட்டிப் பொறுக்கின்னு வெச்சுக்கலாம். தன் பட்டப்பேரைத் தன் வண்டிக்கு வைக்கிற மனசு நமக்குப் புரியாததா? நம்ம பார்க்கிங்ல நிக்கிற பைக்குகளோட பின்பக்கத்தைப் போய்ப் படிச்சுப் பாருங்க.

காரை எடுத்த இரண்டாம் நாள் ராத்திரி ஒரு ரெஸ்டாரண்ட் வாசலில் நடந்தது எல்லாக் கட்டுரையிலும் வரும். இங்கிலாந்து நடிகர் அலெக் கின்னஸ், பின்னாளில் ஸ்டார் வார்ஸில் ஓபி-வான் கெனோபியாக வந்தவர், அன்றுதான் ஹாலிவுட்டுக்கு வந்திருந்தார். ரெஸ்டாரண்டில் இடம் கிடைக்காமல் திரும்பியவரை டீன் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிட்டு, தன் டேபிளில் உட்காரச் சொன்னார். உள்ளே போகும் முன் வாசலில் நின்ற காரைக் காட்டினார். முகப்பில் ஒரு பூங்கொத்து. ஷோரூமிலிருந்து வந்த மெருகு அப்படியே இருந்தது. இன்னும் சரியாக ஓட்டக்கூட இல்லை என்றார். கின்னஸுக்கு அந்தக் காரைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகி, இதில் ஏறாதே, ஏறினால் ஒரு வாரத்தில் இறந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டாராம். டீன் சிரித்துக்கொண்டார். பல வருஷம் கழித்து கின்னஸே இதை எழுதினார்.

எல்லாரும் இதில் தீர்க்கதரிசனத்தைத்தான் பேசுவாங்க. எனக்கு வேற ஒன்னு கண்ணில் பட்டது. அன்னிக்குத்தான் முதல்முறை பார்க்கிற ஒரு பெரிய மனுஷனை, பசியோட இருக்கிறவரை, சாப்பாட்டுக்கு முன்னாடி நிறுத்தி வெச்சு வண்டியைக் காட்டியிருக்கார். புது வண்டி வாங்கின எவனும் செய்றதுதான். ஊரே கொண்டாடின ஸ்டாருக்கும் அந்த ஆசை நம்மைப் போலவே இருந்திருக்கு.

இன்னொரு விஷயம். காரை எடுப்பதற்கு நாலு நாள் முன்னாடி, செப்டம்பர் 17 அன்று, சாலைப் பாதுகாப்புக்காக ஒரு சின்ன டிவி படத்தில் பேசியிருந்தார். ஜெயண்ட் படத்தின் கவ்பாய் வேஷத்தோடு. அதில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: முன்னெல்லாம் ஹைவேயில் வேகமாகப் போவேன், ட்ராக்கில் ஓட்ட ஆரம்பித்த பிறகு ஹைவேயில் ரொம்ப ஜாக்கிரதையாகிவிட்டேன். ட்ராக்கில் எதிரே யார் வருவார்கள், எப்படித் திரும்புவார்கள் என்று தெரியும், ரோட்டில் தெரியாது. விஷயம் தெரியாமல் போன ஆள் இல்லை அவர். தெரிஞ்சேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை

செப்டம்பர் 30 காலை. ரோல்ஃப் ஷோரூமில் காரை ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். முந்தைய நாளே, எலிசபெத் டெய்லர் பரிசாகக் கொடுத்த பூனைக்குட்டியை ஒரு தோழியிடம் ஒப்படைத்திருந்தார் டீன். பூனைக்கு அவர் வைத்த பேர் மார்கஸ், வளர்த்த மாமாவின் பேர். அன்று அப்பா விண்டனும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திட்டப்படி ஸ்பைடர் ட்ரெய்லரில் ஏறி, ஸ்டேஷன் வேகனுக்குப் பின்னால் சலீனாஸ் போக வேண்டும். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். கடைசி நேரத்தில் அது மாறியது.

காரணம் நமக்கு நல்லாவே புரியும். எஞ்சின் புதுசு, அதிகம் ஓடவில்லை. புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடு ஒன்று உரசிப் பொருந்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் தேய்ந்து சமமாக வேண்டும். நம்ம ஷோரூமில் ரன்னிங்-இன் என்று சொல்வாங்களே, அதுதான். அது முடியாமல் ரேஸில் முழு வேகம் கொடுத்தால், சாண்டா பார்பரா மாதிரி இன்னொரு பிஸ்டன். அது போக, டிரைவரும் வண்டிக்குப் பழக வேண்டும். புது சேசிஸ், புது எடைப் பகிர்வு. ரேஸுக்கு முன் சில மணி நேரமாவது ஸ்டீயரிங் பிடிக்கணும். இன்ஜினியரிங் கணக்கில் இரண்டுமே சரியான காரணங்கள்.

கூடவே மூணாவது காரணம் ஒன்று இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. நாலு மாசம் காத்திருந்த பிறகு, அழகான ஒரு மதியம், வாசலில் நிக்குது புது ஸ்பைடர். அதை ட்ரெய்லரில் கட்டி, பின்னாடி பார்த்துக்கிட்டே போக உங்களுக்கு மனசு வருமா?

மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். ஸ்பைடரில் டீனும் ரோல்ஃபும். பின்னால் ஸ்டேஷன் வேகனில் நண்பரும் ஸ்டண்ட் டிரைவருமான பில் ஹிக்மேன், புகைப்படக்காரர் சான்ஃபோர்ட் ராத். அவர்களுக்குப் பின்னால் ட்ரெய்லர், காலியாக.

வழியில் பெட்ரோல் போட நின்றபோது எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. மலையைத் தாண்டி இறங்கியதும், பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே, மூன்றரை மணிக்கு போலீஸ் நிறுத்தியது. 55 மைல் எல்லை உள்ள இடத்தில் 65 மைல். அதாவது மணிக்கு 88 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்தில் சுமார் 105. டிக்கெட் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஹிக்மேனுக்கும் ஒன்று. வேகமா போனதுக்கு ஸ்டேஷன் வேகனுக்கும் சேர்த்துத்தான் அபராதம்.

பிறகு 466-ம் நம்பர் ரோட்டில் மேற்கே திரும்பினார்கள். பிளாக்வெல்ஸ் கார்னர் என்ற வழிக்கடையில் சலீனாஸுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னும் சில ரேஸர்களைப் பார்த்துப் பேசினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு பாஸோ ரோபிள்ஸ் ஊரில் சந்திக்கலாம் என்று முடிவு. அதன்பின் மலைச்சரிவில் இறங்கி சோலேம் என்ற சின்னக் கிராமத்தை நோக்கி. மணி 5:45. சூரியன் மறைகிற நேரம்.

சோலேமுக்குக் கொஞ்சம் முன்னால் 41-ம் நம்பர் ரோடு ஒய் வடிவத்தில் பிரிகிறது. எதிர்த் திசையில் ஒரு ஃபோர்டு கார் வந்தது. அமெரிக்காவில் வண்டிகள் வலதுபக்கம் போகும், அதனால் இடதுபக்கம் பிரியும் ரோட்டுக்குத் திரும்ப எதிர் வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டும். ஃபோர்டு திரும்ப ஆரம்பித்தது. அதை ஓட்டியவர் எதிரே வந்த காரைப் பார்க்கவே இல்லை என்றுதான் பிறகு சொன்னார்.

எப்படிப் பார்த்திருக்க முடியும்? இடுப்பு உயரக் கார். வெள்ளி நிறம். அந்தி வெளிச்சத்தில் சாம்பல் நிற ரோடு, சாம்பல் நிறக் குன்று. இத்தாலியில் ரயில்வே கேட்டுக்கு அடியில் இரண்டு பேரைக் காப்பாற்றிய அதே உயரம், இங்கே அந்தக் காரை ரோட்டோடு ரோடாக மறைத்துவிட்டது.

மோதல் டிரைவர் பக்கத்தில். ரோல்ஃப் வெளியே தூக்கி எறியப்பட்டு, தாடையும் இடுப்பும் உடைந்து, உயிர் பிழைத்தார். டீனுக்குக் கழுத்து முறிந்தது. பாஸோ ரோபிள்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. சற்று நேரத்தில் ஹிக்மேனும் ராத்தும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், காலி ட்ரெய்லரோடு.

அதற்குப் பிறகு

டீன் நாயகனாக வந்த மூன்று படங்களில் அவர் உயிரோடு இருக்கும்போது ரிலீஸானது ஒன்றே ஒன்று. ரெபெல், அவர் இறந்து ஒரு மாதத்துக்குள் வந்தது. ஜெயண்ட் அடுத்த வருஷம். அதில் ஒரு குடிபோதைக் காட்சியின் வசனம் சரியாகக் கேட்காததால், நண்பர் நிக் ஆடம்ஸ் டப்பிங் பேச வேண்டியிருந்தது. இறந்த பிறகு நடிப்புக்காக இரண்டு முறை ஆஸ்கர் நாமினேஷன் பெற்ற ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். உடலை ஃபேர்மவுண்டுக்குக் கொண்டுபோய், அக்டோபர் 8 அன்று அடக்கம் செய்தார்கள். ஒரு தடவை சவப்பெட்டியோடு அந்த ஊருக்கு வந்த பையன், இரண்டாவது தடவை சவப்பெட்டியில் வந்தார்.

காருக்குச் சாபம் என்று நிறையக் கதைகள் ஃபார்வேர்டில் வரும். அவற்றில் பெரும்பாலானவை, நசுங்கிய காரை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தவர் சொன்னவை. சாபம்னு சொல்லிட்டா அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் அதில் உள்ள வசதி. தாழ்வான கார், மங்கிய வெளிச்சம், எதிர் வரிசையைக் குறுக்கே வெட்டுகிற சந்திப்பு, அதோடு வேகம். எவ்வளவு வேகம் என்பதில் கணக்குப் போட்டவர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. மற்ற மூணிலும் சந்தேகமே இல்லை. அந்தச் சந்திப்புக்கு 2005-ல் ஜேம்ஸ் டீன் பேரையே வைத்தார்கள்.

இவ்வளவு படித்த பிறகு என் மனசில் நின்றது டீன் மட்டும் இல்லை. அந்த ஃபோர்டு காரை ஓட்டினவரும்தான். அவர் பேரை இங்கே எழுதவில்லை. வயசு 23. பாலிடெக்னிக் காலேஜ் மாணவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வார லீவுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நம்ம ஹாஸ்டல் பசங்க வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிட்டுக் கிளம்புற மாதிரியேதான். அவர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் உலகம் முழுக்க அழுத ஒரு சாவில் அவர் பேர் மாட்டிக்கொண்டது. விபத்து நடந்த உடனே ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு தடவை பேசினார். அதன்பிறகு 1995-ல் சாகும்வரை, 40 வருஷம், வெளியில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நமக்கெல்லாம் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் ஒரு டெலிவரி நாள் வரும். சந்தோஷமா எடுங்க. பேர் வையுங்க, பூ வையுங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரையும் நிறுத்திக் காட்டுங்க. டீனும் அதைத்தான் செய்தார், அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சந்தோஷம் உங்க கண்ணுக்கு உங்க வண்டியை ரொம்பப் பெரிசாக் காட்டும். எதிரே திரும்பப் போறவர் கண்ணுக்கு அது இன்னும் தெரியவே இல்லைன்னு மட்டும் வெச்சுக்கிட்டு ஓட்டுங்க. அன்னிக்கு மதியம் ஒரு ட்ரெய்லர் தயாரா இருந்தது. அதில் காரை ஏத்தியிருந்தா, மறுநாள் சலீனாஸில் 130-ம் நம்பர் எத்தனையாவது இடத்தில் வந்ததுன்னு நாம படிச்சிட்டிருந்திருப்போம். 23 வயசுப் பையன் ஒருத்தன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.